பதினைந்தாவது பூட்ஸ்

எட்டுப் பேருக்குச் சொன்னோம்.
ஆறு பேர் வந்தார்கள், மாப்லியோடு ஏழு.
வாசலில் பதினைந்து ரப்பர் பூட்ஸ்.
எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் பதினைந்து.

பிளைனாய் ஃபெஸ்டினியோகில் மழை
மேலிருந்து வரும்,
பக்கவாட்டில் வரும்,
கற்சுரங்கச் சரிவிலிருந்து
தரைவழியாக நடந்தும் வரும்.

இந்த வீட்டுக்கு நான் வந்து ஐந்து வாரம்.
மாப்லி இங்கே சனியும் ஞாயிறும்.
"உன் வீட்டில் விருந்தே கிடையாதா அப்பா?"
போன வாரம் கேட்டாள்.
உன் வீடு என்றாள்.
திருத்த வாயெடுத்தேன்,
எழுந்து சர்க்கரை வாங்கப் போய்விட்டேன்.

பழுப்புச் சர்க்கரை ஒன்றரைக் கிலோ,
உப்பு போட்ட வெண்ணெய்,
ஒரு டின் பொன்னிறப் பாகு,
வினிகர் ஒரு கரண்டி.
பதம் பார்க்கப் புதிதாய் வாங்கிய வெப்பமானி
முதல் கொதியிலேயே கண்ணாடி மங்கிச் செத்தது.
பிறகென்ன,
கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு.
கரைந்தால் காத்திரு.
உருண்டால் இன்னும் கொஞ்சம் காத்திரு.
நூலாய் நீண்டு, மடக்கினால்
டிக் என்று முறிந்தால்
அந்த நொடியே அடுப்பை அணை.

தரையில் சிவப்பு நாடா ஒட்டியிருந்தேன்,
தாண்டக் கூடாது, பாகு கொதிக்கிறது என்று.
எழுபது கால்விரல்களும்
நாடாவின் மேலேயே நின்றன.
சட்டப்படி குற்றமில்லை.

வெண்ணெய் பூசிய கல்பலகையில் ஊற்றியதும்
பாகு தன்னிஷ்டத்துக்கு விரிந்தது.
"இது வேல்ஸ்" என்றான் தெகித்.
"இல்லை, பன்றித் தலை" என்றாள் லெய்சா.
வரைபடத்தை எடுத்துவந்து பார்த்தோம்.
இருவரும் ஜெயித்தார்கள்.

கை பொறுக்கும் சூடு வந்ததும்
மாப்லி ஜோடி பிரித்தாள்.
தெகித்தும் லெய்சாவும்,
குட்டோவும் அவன் தங்கையும்,
நானுவும் அந்தப் பக்கத்து வீட்டுப் பையனும்.
பிரித்து முடித்துத் திரும்பினால்
அவளுக்கு யாருமில்லை.
"சரி, நீ வா" என்றாள்.

கதவுவரை அவள் பின்னால் போனாள்,
ஃப்ரிட்ஜ்வரை நான்.
நடுவில் தொய்ந்து தொங்கியது
தேநீர் நிறத்தில் ஒரு கயிறு.
"அறுந்துடும் அறுந்துடும், கிட்ட வா!"
ஒவ்வொரு முறையும்
முனையோடு முனை சேர்க்க
கிட்டே வர வேண்டியிருந்தது.
இழுத்தோம், மடித்தோம், இழுத்தோம்.
காற்றை விழுங்கி விழுங்கி
வைக்கோல் நிறத்துக்கு வெளுத்தது.
என் கை ஓய்ந்தது, அவள் விடவில்லை.

அப்போதுதான் லெய்சாவின் அலறல்.
ஆடிக்கொண்டிருந்த முன்பல்லைக் காணோம்.
திருட்டுத்தனமாய் ஒரு வாய் கடித்திருக்கிறாள்,
கடித்ததை அப்படியே கயிற்றோடு மடித்திருக்கிறாள்,
அதற்குப் பிறகு இருபது மடிப்பு.

கத்தரிக்கோலால் துண்டு போட்டு
ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேராகப் பிடித்தோம்.
எல்லாமே பல்போல இருந்தன.
தேவதை காசு தராதே என்று லெய்சா விம்ம,
நான் எழுதிக் கொடுத்தேன்:
மேற்படி பல்
எண்பத்துமூன்று துண்டுகளில் ஒன்றில் உள்ளது.
சாட்சிகள் கீழே.
ஆறு வெண்ணெய்க் கைரேகைகள்,
ஏழாவதாக என்னுடையது.
ஆளுக்குப் பத்துத் துண்டு
மெழுகுத்தாளில் முறுக்கிக் கொடுத்தனுப்பினேன்,
கடிக்காதீர்கள், சப்புங்கள் என்று சொல்லி.

திங்கள் இரவு ஹெலெத் கூப்பிட்டாள்.
வாரம், தேதி, கையெழுத்து
எதைப் பற்றியும் இல்லாத முதல் அழைப்பு.
மாப்லியின் பொட்டலத்தில் ஒன்று எடுத்துக் கடித்தாளாம்.
"என் பல்தான் போச்சுன்னு
கண்ணாடி முன்னால ஓடினேன் கெத்தின்,
வாயைத் திறந்து எண்ணிக்கிட்டு நிக்கிறேன்,
பின்னால இவ விழுந்து விழுந்து சிரிக்கிறா."
அவளும் சிரித்தாள்.
நானும்.

பிறகு கொஞ்சம் அமைதி.
அறுந்துவிடும் போலிருந்தது.
"ஒரு பூட்ஸ் இங்கே அதிகமாய் இருக்கு" என்றேன்,
"பச்சை, இடது கால்.
யாருடையதா இருக்கும்?"