புழு: உண்டு / இல்லை

டார்ச் அடித்துப் பார்ப்பதுதான் என் வேலை.
ட்ரம்மின் அடியில் நெளிந்தால் 'உண்டு'.
நெளியாவிட்டால் 'இல்லை'.
நாளைக்கு நாற்பது வீடு,
கதவில் சாக்பீஸால் தேதியும் கையெழுத்தும்.

தங்கச்சிமடம் தெற்குக் கரையில்
மூன்றாம் வரிசை, ஏழாம் காலனி வீடு.
போன வாரம் நான் போட்ட தேதியைக் காணோம்.
யாரும் துடைக்கவில்லை.
கச்சான் காற்று தின்றிருக்கிறது,
பெயிண்ட்டையும் சேர்த்து.

கித்தேரி உள்ளே கூப்பிட்டாள்.
பத்துக்குப் பத்து.
அதில் ஆறு பேர், இரண்டு வலை,
திருட்டுக்குப் பயந்து கட்டிலடியில் டீசல் கேன்,
மூலையில் கருவேல விறகு புகைகிறது.
சிலிண்டர் இருக்கிறது.
காலியாய், அதன்மேல் பலகை, பலகைமேல் டிவி.

இடுப்பளவுக்குச் சுவரில் உவர் பூத்து
கை பட்டால் மாவாய் உதிர்கிறது.
"கடல்மண்ணுல கட்டிட்டுப் போயிட்டான்."
யார் என்று நான் கேட்கவில்லை.
மேலே காரை விட்ட இடத்தில் துருக்கம்பி
விலா எலும்பாய்த் தெரிந்தது.

அதற்கு நேர் கீழே இன்னொரு விலா
ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.
ஜெனிட்டன், ஐந்து வயது,
ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு விசில்.
நீலக் குழல் ஆணியில் தொங்கியது.
"மருந்து தீந்து ரெண்டு நாளாச்சு.
வெறுசா உறிஞ்சுனாலும் தூங்கிருவான்."
பாம்பனில் சித்தி வீட்டில் படுத்தால்
இளைப்பு வருவதில்லையாம்.
"அங்க சன்னல் இருக்கு."

இங்கேயும் இருக்கிறது ஒன்று.
திறந்தால் கருவாட்டுக் கொட்டகையின் ஈ.
மூடினால் அடுப்பு.

டார்ச் அடித்தேன்.
தண்ணீர் முழுக்கக் காற்புள்ளிகள்,
வாக்கியம் முடியாமல் நெளிந்துகொண்டு.

கவிழ்க்க வேண்டும். விதி.

டிராக்டர் வந்து ஐந்து நாள்.
அடுத்து எப்போதென்று டிரைவருக்கே தெரியாது.
குடம் பன்னிரண்டு ரூபாய்,
ட்ரம்முக்குப் பதினான்கு குடம்.
நான் மனசுக்குள் பெருக்குவதை
அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன மழையில் இதே வரிசையில்
டெங்குவில் ஒரு பிள்ளை போனாள்.
காலேஜ் முதல் வருஷம்.
அவள் வீட்டு ட்ரம்மிலும் நெளிந்தது.
'இல்லை' என்று எழுதியவள் நான்.
அன்றைக்கும் டிராக்டர் வந்திருக்கவில்லை.

கித்தேரியிடம் பழைய சேலை ஒன்று கேட்டேன்.
நாலாய் மடித்து நான் பிடிக்க
அவள் குடங்குடமாய் ஊற்றினாள்.
துணியில் தங்கியதை மணலில் உதறினோம்,
கொஞ்சம் துடித்துவிட்டு மணலாகிவிட்டது.
ஒரே ஒரு செம்புத் தண்ணீரில்
ட்ரம்மின் உள்விளிம்பைத் தேங்காய் நாரால் தேய்த்தாள்.
முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கும்.
சூப்பர்வைசர் மூன்று தடவை போன் அடித்தார்.
இன்னும் முப்பத்துமூன்று வீடு.

படிவத்தில் 'உண்டு' எழுதினேன்.
பக்கத்தில் 'குறிப்பு', ஒரு இஞ்சுக் கட்டம்.
சுவர் என்று தொடங்கினேன்,
சன்னல், புகை, டிராக்டர், தீர்ந்த மருந்து...
கட்டம் தாண்டி எழுத்து
எட்டாம் வீட்டு வரியில் போய் இறங்கியது.
எட்டாம் வீட்டிலும்
இதையேதான் எழுத வேண்டியிருந்தது என்பதால்
அடிக்கவில்லை.