வெளியே

செவ்வாய் இரவு, ஒன்பதிலிருந்து பத்து வரை,
இந்த நகரம் எனக்கு அளந்து தருவது
எட்டு மீட்டர் அகலம், இருபத்து நான்கு மீட்டர் நீளம்.
தலைக்கு மேலே நெடுஞ்சாலை.
லாரி கடக்கும்போதெல்லாம் தூண் முனகும்.
விளக்குகளில் ஒன்று கண்சிமிட்டும், எப்போதும் அதே ஒன்று.
புவெனஸ் ஐரிஸ் முழுக்க மழை கொட்டினாலும்
எங்கள் ஆட்டம் நனையாது.
பாலத்தில் ஒரு விரிசல்.
அதன் கீழே, ரயில் பாதைப் பக்கத்து மூலையில் மட்டும்
சொட்டிக்கொண்டிருக்கும்.

வலைக்கு அந்தப் பக்கம் நெலிடா ஸுகர்மான்.
வயது ஐம்பத்தெட்டு. நோட்டரி.
அடுத்தவர் போட்ட கையெழுத்து அடுத்தவருடையதுதான் என்று
பகலெல்லாம் சான்று சொல்கிறவள்.
அவள் வீடு எந்தத் தெருவில் என்று தெரியாது.
இடது முழங்கால் எந்தப் பந்துக்கு மடங்காது
என்று தெரியும்.
கணவர் போன வாரமும் வந்தாள்.
அடித்ததெல்லாம் வலையில் விழுந்தது.
கம்பி தளர்ந்திருக்கும், மாற்றுங்கள் என்றேன்.
மாற்றுகிறேன் என்றாள்.
இரண்டு மாதம் கழித்து
பந்து விற்கிறவன் சொல்லித்தான் தெரிந்தது.

நான் லிஃப்ட் பழுதுபார்ப்பவன்.
மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே
மாட்டிக்கொண்டவர்களிடம்
கதவுக்கு வெளியே நின்று
'இதோ, ஐந்தே நிமிடம்' என்று சொல்வது
என் வேலையில் பாதி.
ஐந்து நிமிடத்தில் எதுவும் முடிந்ததில்லை.
நான்கு ஆண்டுகளில்
அவளிடம் ஒரு செட்கூட எடுத்ததில்லை.

மே மாதம். வெளியே மழை.
ஐந்துக்கு நான்கு, நாற்பதுக்கு முப்பது,
என் கையில் சர்வீஸ்.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
நாற்பத்தாறு வயதில், சம்பளமில்லாத ஒரு விஷயத்துக்கு
கை நடுங்குவது எவ்வளவு வெட்கம்,
எவ்வளவு சுகம்.

அவள் திருப்பியடித்தது தாழ்வாக, குறுக்காக வந்து
அந்த மூலையில் விழுந்தது.
செங்கல்தூள் தரைக்கு மறைக்கத் தெரியாது.
பந்து பட்ட இடத்தில் ஒரு நீள்வட்டம்.
அதன் விளிம்பு, நகக்கண் அளவு,
வெள்ளையைத் தொட்டிருந்தது.

'வெளியே'
என்றது வாய்,
என்னைக் கேட்காமல்.

உன் பக்கம் விழுந்தால் உன் கண்தான் நடுவர்.
எங்களைப் போன்றவர்களுக்குச் சட்டம் அவ்வளவுதான்.
தீர விசாரிக்க அவள் வலையைச் சுற்றி வரவில்லை.
மட்டையைக் கொஞ்சம் உயர்த்தி
'நல்லது' என்றாள்.
கோடு நேராகத்தான் கிடந்தது.
கோணியது நான்.

தோற்றவர் பாயை இழுக்க வேண்டும்.
நான்கு ஆண்டுகளாக அந்தக் கயிறு என்னுடையது.
அன்று அவள் எடுத்துக்கொண்டாள்.
என் சறுக்கல்கள், அவள் குதிகால் குழிகள்,
ஒரு மணி நேரத்து ஓட்டமெல்லாம்
பாய்க்கடியில் போய்
பின்னால் பச்சைத் தரையாய் வந்தது
பிறந்த குழந்தையின் நெற்றி போல.
அந்த மூலைக்கு வந்ததும்
பாயை அரையடி தூக்கினாள்.
இரண்டு எட்டு நடந்தாள்.
இறக்கினாள்.

ஈரத்தில் இழுத்தால் தூள் கட்டிபடும்.
அதனால் இருக்கும்.

பத்து மணிக்காரர்கள், மருந்துக்கடை ஆட்கள் இருவர்,
சிரித்துக்கொண்டே வந்து
நேராக அதன் மேல் நின்று
ஷூக் கயிறு கட்டினார்கள்.

அடுத்த செவ்வாய். முதல் கேம்.
அவள் பந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது.
'உள்ளே' என்று கத்தினேன்,
தேவைக்கு மேல் உரக்க.
அவள் சர்வீஸ் போடப் போகவில்லை.
இடுப்பில் கைவைத்து நின்றாள்.
மேலே ஒரு லாரி போய் முடிந்தது.
'வேண்டாம், ஃபரீனா. வெளியே போனது வெளியே.
புள்ளி உனக்கு.'

ஆறுக்கு இரண்டு. தோற்றேன்.
கயிறு கைக்குத் திரும்பியது,
பழைய காய்ப்பிலேயே பொருந்தியது.
இழுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போனேன்.
பாயைத் தூக்கி
இரண்டு எட்டு நடந்தேன்.

அன்று மழை இல்லை.