அட்டை செருகப்படவில்லை

ஜப்பானில் ஒன்பது வருடம் ஓடிக் களைத்த ப்ரியஸ்
உலான்பாதர் சந்தையில் என் கைக்கு வந்தபோது
அதன் நெஞ்சில் ஒரு திரை பதிந்திருந்தது.
வலப்பக்க ஸ்டியரிங்கைப் போல
அதுவும் வண்டியோடு வந்தது.

பொத்தானை அழுத்தியதும் ஒரு பெண் பேசுவாள்.
தணிந்த குரல், ஒரே வாக்கியம்.
உறைந்த காலைகளில் அதைக் கேட்டுவிட்டுத்தான்
கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டுவேன்.
பயணம் நல்லபடி அமையட்டும் என்கிறாள் என்று
நானாக வைத்துக்கொண்டேன்.

நாகோயா தொழிற்சாலையில் மூன்று வருடம் இருந்த நாத்தனார்
ஒருநாள் பின்னிருக்கையில் விழுந்து விழுந்து சிரித்தாள்:
"சுங்கச்சாவடி அட்டை செருகப்படவில்லை.
அவ்வளவுதான் அண்ணி, அவள் சொல்வது."

திரையில் என் அம்புக்குறி
சாம்பல் நிறத்தில் தனியே நிற்கும்.
நான் திரும்பினால் அதுவும் திரும்பும்,
சாலையோ பெயரோ இல்லாத வெறும் சாம்பலில்.
வீடு என்ற பொத்தானைத் தொட்டால்
நீகாத்தாவில் யாரோ ஒருவரின் சந்து வரும்.

என் தொழில் மூக்குக்கண்ணாடி.
சோதனைப் பெட்டியோடு புல்வெளியெங்கும் அலைகிறேன்.
தூரப்பார்வை அளந்து தருபவளுக்கு
அடுத்த கூடாரம் எந்தப் பக்கம் என்று தெரிவதில்லை.

மின்வேலை செய்கிறவன் பெயர் எனேபிஷ்.
'இவன் இல்லை' என்று அர்த்தம்.
முன்பிறந்த இரண்டும் தங்காமல் போகவே
தீய ஆவிகளை ஏமாற்ற அம்மா வைத்த பெயர்.
அவன் சொன்னான்:
"இதைப் பிடுங்கிவிட்டுப் பெரிய திரை பதிக்கலாம்.
பன்னிரண்டு லட்சம் துக்ரிக்.
வண்டிக்கே பிறந்ததுபோல் உட்காரும்,
யாரும் உருவ முடியாது.
வண்டியை விற்றால் அதுவும் போச்சு.
இல்லையென்றால் இந்தச் சின்னது, இரண்டரை லட்சம்.
ரப்பர் வாயால் கண்ணாடியைக் கவ்வும்.
நீயும் எடுத்துப் போகலாம்,
திருடனும் எடுத்துப் போகலாம்."

"பிடுங்கினால் அவள்?" என்றேன்.
"எவள்?" என்றான்.

சின்னதை வாங்கினேன்.
சிக்கனம் என்று கணவரிடம் சொன்னேன்.

ஜனவரி. மைனஸ் முப்பத்து நான்கு.
ரப்பர் விறைத்துக் கணவாய்க்குள் மூன்று முறை
மடியில் விழுந்தது.
பேட்டரி சாகாமல் இருக்க
மேலங்கிக்குள், மார்போடு வைத்துக்கொண்டேன்,
நோய்ப்பட்ட ஆட்டுக்குட்டியை வைப்பதுபோல்.
அர்வைஹேர் தாண்டியதும் தடம் ஏழாகப் பிரிந்தது.
எடுத்துப் பார்த்தேன்: ஒரே நீலக்கோடு.
அந்தக் கோட்டை நம்பிப் போய்
அச்சு வரை பனியில் இறங்கினேன்.

மேற்கே ஒரு கூடாரத்தின் வெளிச்சம்.
நடந்தேன்.
இருபதாவது அடியில் மார்புக்குள்ளிருந்து
ஒரு ருஷ்ய ஆண்குரல் அதட்டியது:
திரும்பிச் செல்லவும்.
நடந்தேன்.
திரும்பிச் செல்லவும்.
விறைத்த விரலுக்கு அணைக்கும் பொத்தான் அகப்படவில்லை.

"நாயைப் பிடியுங்கள்!"
வழக்கப்படி கத்தினேன்.
நாய்க்கு என்னைவிட அவன்மேல்தான் கோபம்.
அகப்பையோடு எட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"எத்தனை பேர்?"
"ஒருத்தி."
மார்புக்குள் அவன் ஏதோ மறுத்தான்.
அவள் ஒன்றும் கேட்காமல்
இரண்டு கிண்ணத்தில் உப்புத் தேநீர் ஊற்றினாள்.

காலையில் அவள் மகன் லாரியால் கட்டி இழுத்தான்.
ஏழு தடத்தில் எது என்று கேட்டேன்.
"எதில் போனாலும் அங்கேதான் சேரும்,
இதைத் தவிர" என்றான், நான் வந்த தடத்தைக் காட்டி.

பொத்தானை அழுத்தினேன்.
அவள் பேசினாள்.
பையன் ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்:
"யார் அது? என்ன சொல்கிறாள்?"

பயணம் நல்லபடி அமையட்டும் என்கிறாள்,
என்றேன்.

அவன் அம்மா சக்கரங்களுக்குப் பின்னால்
பால் தெளித்தாள்.
விழும் முன்பே அதில் பாதி உறைந்தது.