ஆள்காட்டி

பதினேழாம் நம்பர் முளைக்குச்சியில்
சிவப்புத் துணி நைந்து படபடக்கிறது.
சாமியார்பேட்டைக்குத் தெற்கே
சவுக்குத் தோப்பு முடிந்ததும் விரியும் உவர்த்திட்டு.
காலை ஐந்து ஐம்பது. கொண்டல் இன்னும் எழவில்லை.
படிவத்தில் இதுவரை:
நெடுங்கால் உள்ளான் பதினொன்று,
மடையான் நான்கு,
நரி, எச்சம் மட்டும், அதில் நண்டின் ஓடு.
கூடுகள் என்ற கட்டம் காலி.

தையில் வந்து எண்ணிப்போனவர்
அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்.
பொய்யில்லை.
தையில் இந்த மண்ணில் யார் முட்டையிடுவார்கள்?
அறிக்கைக்குத்தான் அவசரம்;
முட்டைக்கு வெயில் முற்ற வேண்டும்.

தலைக்கு மேல் அது கத்தத் தொடங்கியது.
ஆளுடா, ஆளுடா என்று கத்துகிறதாம்;
ஆடு மேய்க்கும் அஞ்சாப்புலி சொல்கிறார்.
மஞ்சள் கால்கள் பின்னால் தொங்க
என் தொப்பியை உரசிப் போனது.
எங்கே அதிகம் கத்துகிறதோ அங்கே கூடு இருக்காது;
அது கற்ற சூது, எனக்கும் தெரிந்த சூது.
ஜீப்பின் நிழல் குட்டையாகும்வரை உட்கார்ந்து
என்னை மறக்க அதற்கு நேரம் கொடுத்தேன்.

இறால் குட்டையின் கழிவோடையில்
வயிறு முங்க நின்று எழுந்து
ஈரம் சொட்டச் சொட்ட நடந்து வந்தது.
ஓடும், நிற்கும், யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பும்.
பிறகு வெறும் தரையில் உட்கார்ந்தது.

வெறும் தரையில்லை.
ஆட்டுப் புழுக்கை, உடைந்த கிளிஞ்சல்,
நடுவில் நான்கு முட்டைகள்
கூர்முனை உள்ளே திரும்பி,
மை உதறிய கூழாங்கற்கள் போல.
முளைக்குச்சியிலிருந்து டேப் வைத்தேன்:
ஒரு மீட்டர் நாற்பது.

"ஒரே ஒரு கூடுதானே மேடம்,
அலுங்காமத் தள்ளி வெச்சிடலாம்."
கம்பெனி ஆள் பிரசன்னா நல்ல பையன்.
உள்ளங்கையைக் குழித்துக் காட்டினான்.
அவன் மனைவிக்கு இது ஏழாம் மாதம்;
வழியெல்லாம் அதைத்தான் சொல்லி வந்தான்.

எழுதினால்
புள்ளிக்குப் பின் ஆறு இலக்கத்தில்
இந்த நான்கையும் காட்டிக்கொடுத்தவள் நான்.
எழுதாவிட்டால்
பூஜ்யம் பூஜ்யமாகவே இருக்கும்;
பூஜ்யத்தின் மேல் எந்த இயந்திரமும் நிற்கும்.
ஜிபிஎஸ் பொத்தானுக்கு மேல் என் விரல்.
அதற்கும் இந்தப் பறவையின் பெயர்தான்.

அஞ்சாப்புலி துண்டால் முகம் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"அந்தக் குச்சிய நம்பாதீங்க.
வெள்ளிக்கிழம கெடா கட்டப் புடுங்கினேன்.
திரும்ப நட்டது இங்கயா அங்கயான்னு
எனக்கே ஞாபகமில்ல."

பிரசன்னா கைபேசியில் வரைபடம் திறந்தான்.
நீலப் புள்ளி திட்டிலிருந்து குட்டைக்கும்
குட்டையிலிருந்து சவுக்குக்கும் நடுங்கி நடுங்கி நகர்ந்தது.
ஆபீசுக்கு அடித்துப் பார்த்தான். சிக்னல் இல்லை.
அத்தனை பேர் நின்ற திட்டில்
தன் இடத்தைப் பற்றிச் சந்தேகமில்லாமல் இருந்தது
அது ஒன்றுதான்.

அழுத்தினேன்.
கூடு: ஒன்று. முட்டை: நான்கு. அடைகாப்பு நடக்கிறது.
முளைக்குச்சி: இடம் உறுதியில்லை.
குறிப்புக் கட்டம் போதாமல்
தாளைத் திருப்பிப் பின்பக்கம் எழுதினேன்,
அது வயிற்றில் தண்ணீர் கொண்டு வந்ததை.
யாரும் கேட்காத தகவல்.

ஜீப் கிளம்பியது.
தோப்பு வரை துரத்தி வந்து கத்தியது
ஆளுடா, ஆளுடா.
பிரசன்னா ஏனோ கண்ணாடியை ஏற்றவில்லை.