ஐந்தரை மணி நேரம்

முப்பத்தாறு மணி நேரத்தில்
உலகத்தின் ஏதாவது ஒரு சிக்கலைத்
தீர்த்துக் காட்டுங்கள் என்றார்கள்.
எங்களுக்கு உலகம் அவ்வளவு பழக்கமில்லை.
சலவன்பேட்டையில் எங்கள் தெருவுக்கு
ஒன்பது நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும்.
நாற்பத்துமூன்று வீடு.
எத்தனை மணிக்கென்று யாருக்கும் தெரியாது.
அதையே படிவத்தில் எழுதிக் கொடுத்தோம்.

வெளியே கத்திரி வெயில்.
உள்ளே ஏசி நடுக்கத்தில்
விளம்பரதாரர் கொடுத்த டீ-ஷர்ட்டைச்
சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு
தட்டிக்கொண்டிருந்தாள் பேரணாம்பட்டு ஃபர்ஹீன்.
பக்கத்து மேசைக்காரர்கள்
முகத்தில் சோகம் படிக்கும் கேமரா செய்தார்கள்.
அது எங்கள் பக்கம் திரும்பி
மகிழ்ச்சி, அறுபத்திரண்டு சதவீதம் என்றது.

அசாமிலிருந்து வந்த சைகியா
வரைபடத்தைப் பெரிதாக்கிக் கேட்டான்:
ஊரை ஒட்டியே இவ்வளவு அகல ஆறு,
அப்புறம் என்ன?
நீலமாகத்தான் இருந்தது பாலாறு.
தணிகைவேல் அவனை பைக்கில் ஏற்றிப்போய்ப்
பாலத்தின் மேல் நிறுத்திக் காட்டினான்.
திரும்பி வந்தவன்
ஆற்றுக்கு மணல் நிறம் பூசினான்.
நாற்பது நிமிடம் வீண்.
நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

வால்வு திறப்பவர் பெயர் ஏகாம்பரம்.
அவருக்கென்று பச்சையாய் ஒரு பொத்தான் வரைந்தோம்,
திறந்ததும் தொட்டால் போதும்.
அவர் போனிலோ பொத்தான்கள் ரப்பரில் இருந்தன.
"அதெல்லாம் இன்னாத்துக்கும்மா,
தொறந்துட்டு ஒரு மிஸ்டு கால் உட்டுடறேன்."
பதினோரு பக்கத் திட்டம்
அங்கே வந்து நின்றது.
என் பழைய போனை
லேப்டாப்போடு ஒயரால் கட்டி வைத்தோம்.

இரண்டாம் இரவு, மூன்று பத்து.
காலி மேகி டப்பாக்கள், ஒற்றைச் செருப்பு,
யாருடையதென்று தெரியாத ஒரு கால்.
மேசைக்கடியில் கிடந்த என்னை
அம்மா கூப்பிட்டு எழுப்பினாள்.
"தண்ணி வந்துகினு கீது.
ஓஸ எங்க வெச்சித் தொலைச்ச?"
பின்னால் குடத்தின் குரல்
மேலேறி மேலேறி
வாய்க்கு வந்துகொண்டிருந்தது.
எங்கள் திரையோ
நேற்றிரவு ஒன்பது நாற்பதுக்கே
தண்ணீர் வந்துவிட்டது என்றது.

நாலு தலையும் குனிந்து தேடினோம்.
எங்கோ இருக்கும் சர்வர்
கிரீன்விச் கடிகாரத்தைப் பார்த்து
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறது.
ஐந்தரை மணி நேரம்.
கூட்டிக்கொள்ள ஒரே ஒரு வரி.
தணிகைவேல் அதை எழுதும்போதும்
அம்மா போனை வைத்திருக்கவில்லை.
என்னிடம் பேசவும் இல்லை.
எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்:
"எழுந்துருங்க. தண்ணி, தண்ணி."
ஸ்பீக்கரில் போடு என்றாள் ஃபர்ஹீன்.
நம் அறிவிப்பு மணிக்கு
இந்தச் சத்தத்தையே வைத்துக்கொள்ளலாமா என்றாள்.
அவள் விளையாட்டாய்ச் சொல்லவில்லை.

நடுவர்கள் மூவர்.
இதில் வருமானம் எங்கிருந்து வரும், ஒருவர்.
இதில் ஏ.ஐ. எங்கே, ஒருவர்.
மூன்றாமவர் மைக்கை அணைத்துவிட்டு
காட்பாடி காந்தி நகரையும் சேர்ப்பீர்களா என்று
மெல்லக் கேட்டார்.
பரிசு சோகம் படிக்கும் கேமராவுக்கு.
கைதட்டினோம்.
சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்து குறைவு.

இலவச சர்வர் ஜூனோடு தீர்ந்தது.
சைகியா ஊருக்குப் போய்விட்டான்.
ஏகாம்பரத்திடம் யாரும் சொல்லவில்லை.
இன்றைக்கும் ஒன்பது நாளைக்கு ஒருமுறை,
சில மாதம் பதினொன்று,
இருட்டில் ஒரு தரம் அடித்து அடங்குகிறது
அந்தப் பழைய போன்.
கண்ணைத் திறக்காமலே
நாற்பத்துமூன்று வீட்டுக்கும் அனுப்புகிறேன்:
தண்ணி.
பிறகு எழுந்து
ஓஸைத் தேடுகிறேன்.