மேல் கழுத்து

எஸ்கோ வடக்கே போய்விட்டான்,
பனிவண்டி பழுதுபார்க்கும் வேலைக்கு.
சண்டையில்லை, சச்சரவில்லை.
பேஸ் பெட்டியையும் எடுத்துக்கொண்டான்,
அது அவனுடையதுதான்.
அந்த வெள்ளிக்கிழமை ஒத்திகையில்
எங்கள் பாட்டுகளுக்குக் கீழே தரை இல்லை.

இன்னொருவரைத் தேட
எனக்கும் மனமில்லை, தூலியாவுக்கும் இல்லை.
ஒரே உடம்பில் இரண்டு கழுத்து,
ஒன்று கிதார், ஒன்று பேஸ்,
இரண்டுக்கும் நான் ஒருவன் என்று முடிவானது.
எது மேலே எது கீழே என்பது
அப்போது ஒரு கேள்வியாகவே தெரியவில்லை.

தம்பெரெயில், பழைய பஞ்சாலைக்குப் பின்னால்
இர்யாவின் பட்டறை.
மரம் எதையும் அவள் காட்டவில்லை.
ஒரு பலகையில் துடைப்பக் கம்பையும்
பனிச்சறுக்குக் கோலையும் டேப் சுற்றி ஒட்டினாள்.
"ஒரு வாரம் மாட்டிக்கொண்டு திரி.
நீளமானது பேஸ், மறந்துவிடாதே.
பிடிக்காவிட்டால் மாற்றி ஒட்டிக்கொள்."

திரிந்தேன்.
ட்ராம் ஓட்டும் நேரம் போக
சூப் கிண்டும்போதும் அது தோளில்தான்.
படிக்கட்டில் எதிரே வந்த மாடிவீட்டுக்காரர்
குப்பைப் பையோடு ஒதுங்கி வழிவிட்டார்.
எதுவும் கேட்கவில்லை.
இந்த ஊரில் கேட்கமாட்டார்கள்.

பேஸ் மேலே இருந்தால்
முதல் ஃப்ரெட்டுக்கு இடக்கை
அலமாரி உச்சியில் டப்பா தேடுவதுபோல் நீள வேண்டும்.
கீழே இருந்தால் மணிக்கட்டுக்குச் சுகம்.
ஆனால் வலது முன்கை கிதார் கம்பிகள் மேல் படுத்துவிடும்,
யாரும் கூப்பிடாமலே அவை முனகும்.
"அதற்கு ஒரு சுவிட்ச் வைக்கலாம்" என்றாள் இர்யா.
எடைக்கு அவளிடம் சுவிட்ச் இல்லை.
ஐந்தரைக் கிலோ.
தலை இரண்டு,
தலைக்கனமும் இரண்டு மடங்கு.
எப்படி வைத்தாலும் முன்பக்கம் சாயும்.

மணிக்கட்டு சொன்னது: பேஸ் கீழே.
தோளும் அதற்கே வாக்களித்தது.
சரி என்று சொல்லப் போன அன்று
தூலியாவும் கூட வந்தாள்.
ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து,
தரைப்பலகையை வலது காலால் உதைத்து,
"வாசி" என்றாள்.

துடைப்பக் கம்பிலும் கோலிலும் என்ன வாசிப்பது?
வாசித்தேன்.
நாலு சுற்றில் நிறுத்திவிட்டாள்.
"எஸ்கோ என் காலைப் பார்ப்பான்.
நீ உன் தொப்புளைப் பார்க்கிறாய்."

உண்மைதான்.
கீழ்க் கழுத்தைத் தேடிக் கண் குனிகிறது,
குனிந்த கண்ணுக்கு வேறெதுவும் அகப்படுவதில்லை.
கம்பிகளை மாற்றி ஒட்டினோம்.
மேலே என்றால் பார்வை பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது,
அதன் ஓரத்தில் அவளுடைய ஷூ ஏறி இறங்குகிறது.
கிதாருக்குக் கண் வேண்டாம்,
பதினாறு வயதிலிருந்து இருட்டில் பழகியது.

இர்யா காதிலிருந்து பென்சிலை எடுத்தாள்.
"அப்படியானால் முப்பது அங்குல பேஸ்.
நாலு அங்குலம் மிச்சம்.
உன் மணிக்கட்டுக்கு என்னால் முடிந்த நஷ்டஈடு."
ஆல்டர் மரத்தில் முதலில் மேல் கோடு,
பிறகு கீழ்க் கோடு.
குடைந்த பிறகு மாற்ற முடியாது என்றாள்.
இரண்டு தடவை சொன்னாள்.

கோடுகளைப் படமெடுத்து எஸ்கோவுக்கு அனுப்பினேன்.
இரவு பதில் வந்தது:
"பேஸ் மேலேயா? கை வலிக்குமே."
கொஞ்சம் கழித்து இன்னொன்று:
"மூன்றாவது பாட்டின் நடுவில்
அவள் வேகம் கூட்டிவிடுவாள்.
பார்த்துக்கொள்."