கூட்டல், கழித்தல்

காலை ஐந்தரைக்கு வேனுக்குப் பின்னால் நின்று ஜெபித்தோம்.
டீசல் புகை. குளிர்.
"எங்கள் கைகளை எடுத்துப் பயன்படுத்தும்" என்றார் ஹோகோன்.
என் கைகளில் மூன்று செருப்புப் பெட்டிகள்,
பெட்டி நிறைய மூக்குக்கண்ணாடிகள்,
ஏதேதோ நாடுகளில் யார் யாரோ கழற்றி வைத்தவை.
ஒன்றின் மடிப்பில் இன்னும் ஒரு நரைமுடி.

மடகாஸ்கரின் நடுமலையில்
சிவப்பு மண்பாதை முடியும் இடத்தில் தகரக்கூரைக் கோயில்.
நாங்கள் இறங்கும் முன்பே வரிசை நின்றது.
தொப்பியைக் கையில் பிடித்தபடி,
சாயம் போன போர்வையை இழுத்து மூடியபடி.
யாரும் முண்டியடிக்கவில்லை.
அது ஏனோ எனக்குக் கூச்சமாக இருந்தது.

நிவூ நர்ஸ். இந்த மலையில் பதினோரு வருடம்.
நான் மூன்று வாக்கியம் சொன்னால்
அவள் அதை இரண்டு சொல்லில் முடிப்பாள்.
கேட்டவர்கள் சிரிப்பார்கள்.
என்ன சொன்னாய்?
"மூக்கில உட்காரும், கடிக்காதுன்னேன்."

ஸாஃபி என்பவர் கூட்டல் இரண்டரையை மாட்டிக்கொண்டு
நாங்கள் நீட்டிய சங்கீதப் பக்கத்தைப் பார்க்கவே இல்லை.
மனைவியின் கூடையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்தார்,
உள்ளங்கையில் பரப்பினார்,
கல் பொறுக்கினார்.
ஒன்று. இரண்டு. ஐந்து.
பிறகு அவளை முறைத்தார்:
"இத்தனை வருஷமா இதையா தின்னேன்?"
வரிசை முழுக்க வெடித்தது.

மதியம் சோறும் கீரையும்.
சோறு அடிப்பிடித்த பானையில்
தண்ணீர் ஊற்றிக் காய்ச்சித் தருகிறார்கள் குடிக்க.
என் பிளாஸ்டிக் பாட்டிலை மேசைக்கடியில் தள்ளிவிட்டேன்.
கருகல் மணம்.
இரண்டாம் கோப்பையும் கேட்டு வாங்கினேன்.

நாலு மணிக்கு வுவாங்கி வந்தாள். ஐம்பது இருக்கும்.
தையல் வேலை.
ஊசியில் நூல் கோக்கப்
பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட வேண்டியிருக்கிறதாம்.
கூப்பிட்டால் அவன் ஒளிந்துகொள்கிறானாம்.
மழை இருட்டிக்கொண்டு வந்தது.
ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.
நீல ஃபிரேம் ஒன்றை எடுத்து நீட்டினேன்.
மாட்டிக்கொண்டு என்னையே பார்த்தாள்.
தெரிகிறதா?
தலையசைத்தாள்.
என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.
போட்டோ எடுத்தோம்.
படி இறங்கும்போது
தரை எங்கே என்று காலால் தேடினாள்.
பார்த்தேன்.
பார்த்தும், அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரவு விடுதியில் மெழுகுவர்த்தி வைத்து மிச்சத்தை எண்ணினேன்.
அந்தப் பெட்டியில் இருந்தவை எல்லாமே கழித்தல்.
மூன்று, மூன்றரை.
தூரத்துக்கு ஆனவை.
ஊசி முனையை இன்னும் கரைத்துவிடுபவை.
அவளுக்கு அது தெரியாமல் இல்லை.
கொடுத்ததை மறுக்கக்கூடாது என்று
போட்டுக்கொண்டு போயிருக்கிறாள்.

அடுத்த அறையில் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்கள்.
இன்று நூற்றுப் பதினான்கு பேருக்குப் பார்வை,
ஸ்தோத்திரம்.
நூற்றுப் பதின்மூன்று என்று சொல்ல
வாய் திறந்து,
தண்ணீர் குடித்தேன்.

இரண்டாம் முறையும் தொடவேண்டி வந்த
குருடன் ஒருவன் உண்டே,
படுத்தபின் அவன் நினைவு வந்தது.
அங்கே இரண்டு முறை தொட்டதும்
ஒரே கை.

விடியுமுன் நிவூவின் கதவைத் தட்டினேன்.
வேன் ஏழு மணிக்கு.
வுவாங்கியின் வீடு நடந்தால் மூன்று மணிநேரம்.
நான் அழப்போகிறேன் என்று நிவூவுக்குத் தெரிந்துவிட்டது.
அதற்கு அவளுக்கு நேரமில்லை,
அடுப்பில் பால் இருந்தது.
"கூட்டல் ரெண்டுல ஒண்ணு வச்சிட்டுப் போ.
ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வருவா.
மாத்திக் குடுக்கிறேன்.
நான் இங்கதானே இருக்கேன்."

எடுத்துக் கொடுத்தேன்.
காம்பில் பொடியாக எழுதியிருந்த எண்ணைச் சரிபார்க்க
கண்ணாடியைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள்,
கண்ணைச் சுருக்கினாள்,
இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

நேற்று முழுக்க
என் பக்கத்திலேயே நின்றவள்.
வெளியே ஹாரன் அடித்தது.